சேலத்துக்கு நேர் மேற்கே: மாணவர்களுக்கு எத்தியோப்பியாவை அறிமுகப்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை சமூக அறிவியல் நடத்தும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லித்தர நினைக்கும் பெற்றோரும் பயன்படுத்தலாம். ஒரு தூரதேசத்தை அறிமுகப்படுத்தும்போது தலைநகர், நாணயம், கொடி, மொழி என்று பட்டியல் போடுவதுதான் வழக்கம். தேர்வு முடிந்த மறுநாள் அந்தப் பட்டியலில் ஒன்றும் மிஞ்சாது. பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து அளக்கத் தொடங்கினால் அந்த நாடு மனதில் தங்கும். எவ்வளவு தொலைவு, எவ்வளவு உயரம், எவ்வளவு பழமை என்று அவர்களே அளந்து பார்க்கட்டும்.

நாடுகள் எத்தனையோ இருக்க எத்தியோப்பியா ஏன்? சேர்வராயன் மலையில் விளையும் அரபிகா காபியின் பூர்வீகம் அந்த நாட்டின் தென்மேற்குக் காடுகள். நம் ஊர்க் களியில் சேரும் கேழ்வரகும் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில்தான் முதலில் பயிராக்கப்பட்டது என்கிறார்கள் தாவரவியலாளர்கள். எத்தியோப்பியாவும் உகாண்டாவும் அந்த மேட்டுநிலங்களில் அடங்கும். தினமும் வாயில் வைக்கும் இரண்டு பொருள்கள் வந்த ஊரைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு ஒன்றுமே தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தமான விஷயம்.

எப்போது நடத்தலாம்?

ஜனவரி நல்ல மாதம். அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்திருக்கும், ஏற்காட்டில் காபிப் பழம் பறிப்பும் நடந்துகொண்டிருக்கும். எத்தியோப்பியர்களின் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. ஞானஸ்நானத்தை நினைவுகூரும் திம்கத் திருவிழா பெரும்பாலும் ஜனவரி 19, அதாவது நம் பொங்கல் முடிந்த கையோடு. இரண்டு வாரத்தில் பத்து வகுப்பு கிடைத்தால் கீழே உள்ள எல்லாவற்றையும் நிதானமாகச் செய்யலாம். ஐந்துதான் கிடைக்கும் என்றால் கோடு, கயிறு, நாணயம், காபி இந்த நான்கையும் விடாதீர்கள். மற்றவற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: கோடு போடுங்கள்

உலக வரைபடத்தை விரித்து, சேலத்தின் மீது ஒரு குண்டூசி குத்துங்கள். சேலம் ஏறத்தாழ 11.65 பாகை வட அட்சக்கோட்டில் இருக்கிறது. அங்கிருந்து அளவுகோலை வைத்து நேர் மேற்கே ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். கோடு வயநாட்டைக் கடந்து, வடகரை பக்கம் கடலில் இறங்கும். லட்சத்தீவின் வடபகுதித் தீவுகளை ஒட்டிப் போய், அரபிக்கடலைத் தாண்டி, சோமாலியாவின் வடகிழக்கு முனையைத் தொட்டு, ஏடன் வளைகுடா வழியாக ஜிபூட்டி நகரத்துக்குப் போய்ச் சேரும். அதற்கு மேற்கே எத்தியோப்பியா. அதே கோட்டில் இன்னும் கொஞ்சம் போனால் தானா ஏரிக்கரையில் பஹிர் தார் என்ற ஊர். அதன் அட்சக்கோடு ஏறத்தாழ 11.6. சேலத்தில் நின்று மேற்கே பார்த்தால் கண்ணுக்கு எதிரே, கடலுக்கு அப்பால் இருப்பது அந்த ஊர்தான். இதைக் கேட்டதும் பிள்ளைகள் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

இப்போது தூரம். சேலம் ஏறத்தாழ 78.1 பாகை கிழக்குத் தீர்க்கக்கோடு, பஹிர் தார் 37.4. வித்தியாசம் 40.7 பாகை. நிலநடுக்கோட்டில் ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர். நம் அட்சத்தில் கொஞ்சம் குறைந்து 109. பெருக்கினால் சுமார் 4,400 கிலோமீட்டர் வரும். கணக்கை அவர்களே போட வேண்டும், நீங்கள் விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்து நேரம். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம். 40.7 பாகைக்கு ஏறத்தாழ 2 மணி 43 நிமிடம். ஆனால் கடிகாரப்படி இரு நாடுகளுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டரை மணி நேரம் மட்டுமே. மீதிப் 13 நிமிடம் எங்கே போயிற்று? இந்தியாவின் நேரம் 82.5 பாகைக் கோட்டை வைத்தும், எத்தியோப்பியாவின் நேரம் 45 பாகைக் கோட்டை வைத்தும் கணக்கிடப்படுகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும் வரை காத்திருங்கள். ஒரு முழு வகுப்பு இதற்கே போனாலும் பரவாயில்லை.

ஜிபூட்டியை ஒரு கணம் சுட்டிக்காட்ட மறக்க வேண்டாம். 1993இல் எரித்திரியா தனிநாடானபின் எத்தியோப்பியாவுக்குக் கடற்கரையே இல்லை. அதன் கடல்வழிச் சரக்கில் பெரும்பகுதி ஜிபூட்டித் துறைமுகம் வழியாகத்தான் போய்வருகிறது.

இரண்டாம் படி: உயரமும் தண்ணீரும்

எத்தியோப்பியா சுமார் 11 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல எட்டு மடங்குக்கும் மேல். மக்கள்தொகை 12 கோடியைத் தாண்டிவிட்டது. இந்த எண்களைச் சொல்லிவிட்டு, உடனே உயரத்துக்கு வாருங்கள்.

கட்டம் போட்ட தாளில் 1 சென்டிமீட்டருக்கு 200 மீட்டர் என்று வைத்துத் தூண் வரையச் சொல்லுங்கள். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவு, தூண் ஒன்றரை சென்டிமீட்டரைக்கூட எட்டாது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், ஏழரை சென்டிமீட்டர். தலைநகர் அடிஸ் அபாபா 2,300 மீட்டருக்கும் மேல். ராஸ் தெஜென் சிகரம் 4,500 மீட்டரைத் தாண்டும், தாளின் உச்சிக்குப் போய்விடும். அப்புறம் தாளைத் திருப்பி, கோட்டுக்குக் கீழே ஒரு தூண். வடகிழக்கில் உள்ள தனகில் பள்ளம் கடல் மட்டத்துக்கு 100 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. ஒரே நாட்டுக்குள் இத்தனை ஏற்ற இறக்கம்.

காரணத்தையும் சொல்லுங்கள். ஆப்பிரிக்கக் கண்டத்தின் கிழக்கு ஓரம் மெல்ல மெல்லப் பிளந்துகொண்டிருக்கிறது. அந்தப் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கு எத்தியோப்பியாவைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகிறது. தனகிலில் எர்த்தா அலே என்ற எரிமலையும் உப்புப் பாளங்களும் இருக்கின்றன. பாளம் பாளமாக வெட்டிய உப்பை ஒட்டகத்தில் ஏற்றிக்கொண்டு போகும் வணிகம் அங்கே பல நூற்றாண்டுப் பழக்கம்.

விளையாட்டில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு அபேபே பிகிலாவைச் சொல்லுங்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு மாரத்தான் ஓடித் தங்கம் வென்றவர். 1964இல் டோக்கியோவிலும் அவரே வென்றார். காற்று மெலிந்த உயரத்தில் பழகிய உடலுக்கு ஓட்டம் ஏன் எளிதாகிறது என்ற அறிவியல் பாடம் இங்கேயே கிடைத்துவிடும்.

தண்ணீருக்கு மேட்டூர் அணையிலிருந்து தொடங்குங்கள். குடகில் தென்மேற்குப் பருவமழை கொட்டினால் மேட்டூர் நிரம்பும், ஆடிப்பெருக்குக்குக் காவிரி பொங்கும். இது நம் மாவட்டத்துப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் எத்தியோப்பிய மேட்டுநிலத்திலும் பெருமழைக் காலம். அந்த மழை தானா ஏரியிலிருந்து புறப்படும் நீல நைலில் சேர்ந்து, சூடானின் கார்ட்டூமில் வெள்ளை நைலோடு கலந்து எகிப்துக்குப் போகிறது. நைலில் ஓடும் தண்ணீரில் பெரும்பங்கு எத்தியோப்பிய மலைகளில் பெய்த மழைதான். பண்டைய எகிப்தின் வயல்களை வளமாக்கிய வண்டல் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

மேட்டூரின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நீல நைலில் கட்டி 2025இல் திறக்கப்பட்ட எத்தியோப்பியப் பேரணையின் கொள்ளளவு 7,400 கோடி கன மீட்டர், ஏறத்தாழ 2,600 டி.எம்.சி. கீழே இருக்கும் எகிப்துக்கும் சூடானுக்கும் அந்த அணை குறித்துக் கவலை உண்டு. மேல்மடை, கீழ்மடை வழக்கு என்றால் என்னவென்று காவிரிக்கரைப் பிள்ளைக்குப் புரியும். யார் பக்கம் நியாயம் என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். மூன்று நாடுகளின் பேச்சையும் மூன்று குழுக்கள் பேசட்டும்.

மூன்றாம் படி: காலத்தைக் கயிற்றில் கட்டுங்கள்

3.2 மீட்டர் நீளத்துக்கு ஒரு கயிறு எடுத்து வகுப்புச் சுவரில் கட்டுங்கள். 1 மில்லிமீட்டர் என்றால் 1,000 ஆண்டு. கயிற்றின் ஒரு முனை இன்று. மறுமுனையில் இருப்பது லூசி.

1974 நவம்பரில் எத்தியோப்பியாவின் அபார் பகுதியில், ஹதார் என்ற இடத்தில் டொனால்ட் ஜோஹான்சன் கண்டெடுத்த எலும்புக்கூட்டுக்கு அந்தப் பெயர். எத்தியோப்பியர்கள் திங்கினெஷ் என்று அழைக்கிறார்கள். ஏறத்தாழ 32 லட்சம் ஆண்டு பழமை. எலும்புக்கூட்டில் சுமார் 40 சதவீதம் கிடைத்தது. இடுப்பெலும்பும் முழங்கால் அமைப்பும் நிமிர்ந்து இரண்டு காலில் நடந்த உயிர் அது என்பதைக் காட்டுகின்றன. உயரம் சுமார் மூன்றரை அடி. சுவரில் அந்த உயரத்துக்கு ஒரு கோடு போட்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்து வந்து பக்கத்தில் நிற்க வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. லூசிதான் முதல் மனிதர் என்றோ, நாம் எல்லோரும் லூசியின் நேர் வாரிசு என்றோ சொல்லிவிடாதீர்கள். லூசி மனித இனத்துக்கு முந்தைய ஆஸ்திரலோபித்திகஸ் வகையைச் சேர்ந்தது. நம்மைப் போன்ற மனிதர்களின் மிகப் பழைய எலும்புகள் சிலவும் எத்தியோப்பியாவின் ஓமோ ஆற்றுப் பகுதியில் கிடைத்திருக்கின்றன. அவற்றுக்கு 2 லட்சம் ஆண்டு அளவு என்று வைத்தால், கயிற்றில் இன்றிலிருந்து 20 சென்டிமீட்டரில் ஒரு முடிச்சு.

நம் முடிச்சும் ஒன்று வேண்டும். திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழையவை. கயிற்றில் ஒன்றரை மீட்டர். கீழடி? இரண்டரை மில்லிமீட்டர். பாடப்புத்தகத்தில் வரும் மொத்த வரலாறும் கயிற்றின் நுனியில் ஒரு விரல் அகலத்துக்குள் அடங்கிவிடுவதைப் பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பார்கள்.

நான்காம் படி: அக்சும்

இதுதான் பாடத்தின் இதயம். இரண்டு வகுப்பாவது ஒதுக்குங்கள்.

கி.பி. முதல் நூற்றாண்டு முதல் ஏழாம் நூற்றாண்டு வரை, இன்றைய எத்தியோப்பியாவின் வடக்கிலும் எரித்திரியாவிலும் அக்சும் என்ற அரசு செழித்திருந்தது. செங்கடலில் அதன் துறைமுகம் அதூலிஸ். யானைத் தந்தம், காண்டாமிருகக் கொம்பு, ஆமை ஓடு இவையெல்லாம் அங்கிருந்து கப்பலேறின. ரோம், பாரசீகம், சீனம் ஆகியவற்றோடு சேர்த்து உலகின் நான்கு பெரிய அரசுகளில் ஒன்றாக அக்சுமை எண்ணினார் மூன்றாம் நூற்றாண்டுப் பாரசீக ஞானி மானி.

முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்ரேயக் கடல் பயண நூல் அதூலிஸையும் பேசுகிறது, நம் பக்கத்துக் கேரளக் கரையில் இருந்த முசிறித் துறைமுகத்தையும் பேசுகிறது. அதூலிஸுக்கு இறக்குமதியான பொருள்களில் இந்திய இரும்பும் எஃகும் பருத்தித் துணியும் உண்டு என்கிறது. சேலத்தருகே இரும்புத்தாது நிறைந்த கஞ்சமலையை அண்ணாந்து பார்த்து வளர்ந்த நமக்கு, அது நம் ஊர் இரும்புதான் என்று சொல்லிவிட நாக்கு துடிக்கும். சொல்லாதீர்கள். அந்தச் சரக்கு மேற்கிந்தியாவின் அரியாகே பகுதியிலிருந்து வந்ததாகத்தான் நூல் சொல்கிறது. ஈரோடு பக்கம் கொடுமணலில் பழங்காலத்தில் இரும்பு உருக்கியதற்குச் சான்று உண்டு. ஆனால் அங்கிருந்து அதூலிஸுக்குப் போனது என்பதற்கு இந்த நூல் சான்று ஆகாது. சான்று எங்கே நிற்கிறதோ அங்கே நாமும் நிற்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

நாணயப் பயிற்சி இப்படி. அக்சும் மன்னர்கள் தங்கம், வெள்ளி, வெண்கலத்தில் சொந்த நாணயம் அடித்தார்கள். நான்காம் நூற்றாண்டில் ஆண்ட எசானாவின் நாணயங்களில் இரண்டு வகை கிடைக்கின்றன. ஒன்றில் மன்னர் உருவத்துக்கு மேலே வட்டமும் பிறையும். மற்றொன்றில் சிலுவை. இரண்டையும் கரும்பலகையில் பெரிதாக வரையுங்கள், ஒன்றும் சொல்லாதீர்கள். 'எது முந்தையது? எப்படித் தெரியும்? இடையில் என்ன நடந்திருக்கும்?' என்று மட்டும் கேளுங்கள். மன்னர் கிறிஸ்தவத்தை ஏற்றார் என்பதை அவர்களே ஊகித்துச் சொன்ன பிறகு, உலகில் மிக ஆரம்பத்தில் கிறிஸ்தவத்தைத் தழுவிய அரசுகளில் அக்சும் ஒன்று என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முஸ்லிம் மாணவர்கள் வகுப்பில் இருந்தால் அவர்களுக்கே தெரிந்த ஒரு நிகழ்ச்சி இங்கே வரும். ஏறத்தாழ 615இல் மக்காவில் துன்புறுத்தப்பட்ட நபித்தோழர்கள் சிலர் கடல் கடந்து வந்து இந்த நாட்டில்தான் அடைக்கலம் பெற்றார்கள். நஜ்ஜாஷி என்று முஸ்லிம்கள் அழைக்கும் அக்சும் மன்னர் அவர்களை ஒப்படைக்க மறுத்தார். அந்தப் பிள்ளைகளையே எழுந்து சொல்லச் சொல்லுங்கள்.

கடைசியில் மைதானத்துக்குப் போங்கள். அக்சுமில் அரசர் கல்லறைகளின் மேல் ஒற்றைக்கல் தூண்கள் நட்டிருக்கிறார்கள், பல மாடி வீடு போலக் கதவும் ஜன்னலும் செதுக்கி. மிகப் பெரியது 33 மீட்டர். அது விழுந்து உடைந்து கிடக்கிறது. 24 மீட்டர் தூண் ஒன்றை 1937இல் இத்தாலியர்கள் ரோமுக்குக் கொண்டு போனார்கள். 2005இல்தான் அது திரும்பியது. சுண்ணாம்புப் பொடியால் இரண்டு நீளத்தையும் தரையில் கோடாகப் போட்டு, அதன் ஓரமாக நடந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: லாலிபெலாவும் சோப்புக் கட்டியும்

நாமக்கல் கோட்டை மலையடியில் இருக்கும் எட்டாம் நூற்றாண்டுக் குடைவரைகளைப் பல பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அங்கே பாறையைப் பக்கவாட்டில் குடைந்தார்கள். எத்தியோப்பியாவின் லாலிபெலாவில் 11 தேவாலயங்கள் பாறையில் வெட்டப்பட்டிருக்கின்றன. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் ஆண்ட லாலிபெலா மன்னரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுபவை. அவற்றில் புனித ஜார்ஜ் ஆலயத்தைத் தரையிலிருந்து கீழ்நோக்கி வெட்டினார்கள். கூரை நம் கால் மட்டத்தில், வாசல் பள்ளத்தின் அடியில். மேலிருந்து கீழே வெட்டும் வித்தைக்குத் தமிழ்நாட்டில் கழுகுமலை வெட்டுவான் கோயிலைக் காட்டலாம். அது முற்றுப்பெறாமல் நிற்பதால் சிற்பிகள் வேலை செய்த முறை நன்றாகத் தெரிகிறது.

ஆளுக்கொரு சோப்புக் கட்டியும் ஐஸ்குச்சியும் கொடுங்கள். மேலிருந்து கீழே மட்டும்தான் வெட்டலாம், வெட்டியதை ஒட்டக்கூடாது. அரை மணி நேரத்தில் அந்தக் கொத்தர்கள் மீது மரியாதை வந்துவிடும்.

ஆறாம் படி: எழுத்து, கடிகாரம், நாட்காட்டி

எத்தியோப்பியாவில் 80க்கும் மேற்பட்ட மொழிகள் பேசுகிறார்கள். ஒரோமோ, அம்ஹாரிக், சோமாலி, திக்ரிஞா பெரியவை. இவற்றில் அம்ஹாரிக்கும் திக்ரிஞாவும் எழுதப்படும் கீயெஸ் எழுத்தின் அட்டவணை ஒன்றை அச்செடுத்து ஒட்டுங்கள். நம் உயிர்மெய் அட்டவணை பக்கத்திலேயே இருக்கட்டும். அங்கேயும் ஒவ்வொரு மெய்க்கும் உயிர் சேரும்போது வடிவம் மாறும். அம்ஹாரிக்கில் ஏழு வடிவம். வால், கால், வளையம் எங்கெங்கே முளைக்கிறது என்று பிள்ளைகள் தேடட்டும். இரண்டும் ஒரே குடும்பம் என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். நம்முடையது பிராமி வழி வந்தது, அது பழைய தென் அரேபிய எழுத்தின் வழி வந்தது.

கடிகாரத்தில் அவர்களுக்கு விடியலில் எண்ணிக்கை தொடங்குகிறது. நமக்குக் காலை 7 மணி என்றால் அவர்கள் பேச்சில் அது 1 மணி. சேலத்தில் பள்ளி மணி 9.30க்கு அடிக்கும்போது பஹிர் தாரில் எத்தனை மணி? அதிகாரபூர்வமாக 7, ஊர்ப் பேச்சில் 1. சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய பழக்கம் தெரிந்த தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் கேட்டு வரச் சொல்லுங்கள்.

நாட்காட்டியில் 13 மாதம். பன்னிரண்டு மாதங்களுக்கு 30 நாள், கடைசி மாதத்துக்கு 5 அல்லது 6 நாள். புத்தாண்டு செப்டம்பர் 11, சில ஆண்டுகளில் 12. ஆண்டு எண் நம் கணக்கைவிட ஏழெட்டு குறைவு. தன் வயதை அந்தக் கணக்கில் சொல்லச் சொன்னால் வகுப்பே கலகலப்பாகும். வயது மாறாது என்று ஒரு பிள்ளையாவது கண்டுபிடித்துச் சொல்லும் வரை பொறுத்திருங்கள்.

ஏழாம் படி: காபிச் சடங்கு

ஏற்காட்டுத் தோட்டத்திலோ சேலம் கடைவீதியிலோ வறுக்காத காபிக்கொட்டை கால் கிலோ வாங்குங்கள். எத்தியோப்பிய வீடுகளில் விருந்தாளி வந்தபின்தான் பச்சைக் கொட்டையை வறுக்கவே தொடங்குவார்கள். தரையில் புல் பரப்பி, சாம்பிராணி புகைத்து, வறுத்த மணத்தை வந்தவர் எல்லோருக்கும் காட்டி, உரலில் இடித்து, ஜெபெனா என்ற கழுத்து நீண்ட மண்கூஜாவில் கொதிக்க வைப்பார்கள். பிடியில்லாத சிறு கிண்ணங்களில் மூன்று சுற்று ஊற்றுவார்கள். முதல் சுற்று அபோல், இரண்டாவது தோனா, மூன்றாவது பெரெக்கா. கூடவே கொறிக்கப் பாப்கார்ன். சிக்கரி கிடையாது. மூன்று சுற்றும் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் பேச்சுத்தான்.

வகுப்பில் வறுக்கும் வேலை பெரியவர்களுடையது. பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு வாய் போதும், வேண்டாம் என்பவருக்குப் பாப்கார்ன். இரண்டு பாட வேளையைச் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள், அவசரப்பட்டால் சடங்கின் உயிர் போய்விடும்.

வறுபடும் நேரத்தில் காபி வந்த வழியைச் சொல்லுங்கள். எத்தியோப்பியக் காட்டிலிருந்து ஏமனுக்கு, அங்கே 15ஆம் நூற்றாண்டில் சூஃபிகளின் இரவு வழிபாட்டுக்கு, பிறகு பாபா புதன் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் சிக்மகளூர் மலைக்கு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காபி பயிரிட வழிசெய்தார். ஆடு மேய்த்த கல்தி, காபிப் பழம் தின்ற ஆடுகள் துள்ளுவதைப் பார்த்தான் என்ற கதையையும் சொல்லலாம், கதை என்று சொல்லிவிட்டு.

சாப்பாட்டில் இஞ்செரா. தெஃப் என்ற மிகச் சிறிய தானியத்தின் மாவை இரண்டு மூன்று நாள் புளிக்க வைத்து, அகலமான கல்லில் ஒரு பக்கம் மட்டும் வேகவைப்பது. ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து, கையால் பிய்த்துக் குழம்போடு சாப்பிடுவார்கள். தெஃப் இங்கே எளிதில் கிடைக்காது. கேழ்வரகு மாவைப் புளிக்க வைத்துச் சுட்டால் புளிப்பும் கண் கண்ணான மேற்பரப்பும் ஓரளவு பிடிபடும்.

எட்டாம் படி: கைபேசியில் தேடும் நாள்

எத்தியோப்பியா என்று தேடினால் 1984 பஞ்சத்தின் படங்களும், 2020 முதல் 2022 வரை திக்ராயில் நடந்த போரும் வரும். மறைக்க வேண்டாம், ஆனால் பாடத்தை அதிலிருந்து தொடங்கவும் வேண்டாம். முதலில் அக்சுமையும் லாலிபெலாவையும் பார்த்த பிள்ளை அந்தப் படங்களைப் பரிதாபத்தோடு மட்டும் பார்க்காது, 'இது ஏன் நடந்தது?' என்று கேட்கும். 1896இல் அத்வாவில் இரண்டாம் மெனெலிக் மன்னரின் படை இத்தாலியப் படையைத் தோற்கடித்ததையும் அப்போது சொல்லுங்கள்.

ஒன்பதாம் படி: விருந்தினரும் மதிப்பீடும்

எத்தியோப்பியப் பள்ளிகளில் ஒருகாலத்தில் இந்திய ஆசிரியர்கள் ஏராளமாக வேலை பார்த்தார்கள். பின்னாளில் தமிழ்நாட்டுப் பேராசிரியர்கள் பலர் அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்குப் போனார்கள். பக்கத்துக் கல்லூரிகளில் விசாரித்தால் அங்கே இருந்துவிட்டு வந்த ஒருவரைக் கண்டுபிடிக்க வாய்ப்பு உண்டு. சடங்கு நாளன்றே அழைத்துவிடாதீர்கள், இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். தனி நாள் வையுங்கள்.

மதிப்பெண் போட வேண்டும் என்றால் தலைநகர் எது என்று கேட்காதீர்கள். கட்டத்தாள் தூணையும் கயிற்று முடிச்சையும் விளக்கச் சொல்லுங்கள். நாணயப் படம் ஒன்றைக் கொடுத்து, அதிலிருந்து என்ன சொல்லலாம், என்ன சொல்ல முடியாது என்று இரண்டு பத்தி கேளுங்கள். இரண்டாவது பத்திக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள். விருந்தினருக்கான கேள்விகளைப் பிள்ளைகளே எழுதட்டும். அவற்றை ஒரு வாரம் முன்பே அவருக்கு அனுப்பிவிட்டால், பழைய படங்களைத் தேடி எடுத்துக்கொண்டு வர அவருக்கும் நேரம் கிடைக்கும்.